பட்டரவாக்கம் முதல் பூந்தமல்லி வரை

சென்னையின் மென்பொருள் தொழிலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேட்பவர் மனத்தில் தோன்றுவது நகரின் தென்திசைதான். 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது முதற்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் எழுந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளும், 2010இல் சிலர் கூடித் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்னும் ஸ்டார்ட்டப் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்ற சரித்திரமும் அந்தத் திசைக்கு ஒரு தனிப் பிரகாசத்தை அளித்திருக்கின்றன. மேற்கே, வில்லிவாக்கத்துக்கு அப்பால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று விரிந்து கிடக்கும் பிரதேசத்தை அந்தத் தொழிலோடு சேர்த்துப் பேசுவோர் சொற்பம். செல்பேசித் திரைகளை வகுத்துக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவன் நான். இந்தத் தொழிலின் வேர்கள் எங்கே ஓடியிருக்கின்றன என்று தேடுகிறவன் தெற்கே போவதைக் காட்டிலும் மேற்கே போவதே உசிதம் என்னும் எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. சிறு பட்டறைகள் தங்கள் அன்றாட உற்பத்திக் கணக்கைப் பதிந்து வைப்பதற்கான செயலி ஒன்றை உருவாக்கும் வேலை எங்கள் சிறிய நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்தப் பட்டறைகளை நேரில் காண்பதற்கு ஒரு நியாயமான காரணமும் கிடைத்தது.

மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில் பேசின் பிரிட்ஜையும் வியாசர்பாடியையும் தாண்டி மேற்கே திரும்பும்போது, தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையின் மேல் ஓடத் தொடங்குகிறது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதை அது. இன்று அதில் பயணம் செய்கிறவர்களில் கணிசமானோர் செல்பேசியிலேயே சீட்டு எடுக்கிறார்கள். அதற்கான செயலியில் ஒரு விதி உண்டு: தண்டவாளத்தை ஒட்டி நிற்பவர் காகிதமில்லாச் சீட்டு எடுக்க முடியாது, செல்பேசி தான் இருக்கும் இடத்தை அறிந்து மறுத்துவிடும். பரிசோதகரைக் கண்ட பிறகு அவசர அவசரமாகச் சீட்டு எடுக்கும் தந்திரத்தைத் தடுப்பதற்காக வைத்த விதி அது. நோக்கத்தில் பிழை சொல்வதற்கில்லை. ஆயினும், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையுமாக ஓடிவந்து, ரயில் நுழைவதைக் கண்டுகொண்டே சீட்டு எடுக்க முயலும் ஒரு தாயையும் அதே விதி தந்திரக்காரர் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நிலையச் சுவர்களில் க்யூஆர் சதுரங்களை ஒட்டி, அவற்றைப் படம் பிடிப்பவருக்கு அங்கேயே சீட்டு தரலாம் என்று பின்னர் செய்த ஏற்பாடு அவள் பொருட்டுச் செய்யப்பட்டது என்றே நான் எண்ணிக்கொள்கிறேன். ஒரு விதியை வகுக்கும் அறையில் யாருடைய முகம் மனக்கண் முன் இருந்தது என்பதைப் பிறகு அந்த விதியே காட்டிக் கொடுத்துவிடும்.

பெரம்பூரைக் கடக்கையில் வேறொரு ஞாபகம் குறுக்கிட்டது. இந்தப் பகுதியில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றார்கள். அந்தத் தொழிலாளர்கள் முதன்முதலில் வெளியிட்ட மனக்குறைகளில் ஒன்று, மத்தியான உணவுக்கு விடும் இடைவேளை மிகக் குறுகியது என்பது. கை கழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, உண்டு, மீண்டும் இயந்திரத்தின் முன் வந்து நிற்பதற்கு எத்தனை நிமிஷம் வேண்டும் என்பதை, அந்தக் காரியத்தைத் தினந்தோறும் செய்கிறவனைத் தவிர வேறு யார் அறிவார்? என் தொழிலில் பயனரை ஆராய்வது என்று பெருமிதத்தோடு நாங்கள் செய்துவரும் காரியத்தின் சாரம் இந்தக் கேள்வியில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

பட்டரவாக்கம் நிலையத்தில் இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆரம்பமாகிறது. 1960களில், காமராஜர் முதல்வராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த காலத்தின் சிந்தனையில் முளைத்த பேட்டை இது. இதற்கு முன்பே இங்கு மிதிவண்டித் தொழிற்சாலை வந்துவிட்டது; முருகப்பா குடும்பத்தார் 1949இல் தொடங்கிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடையது அது. பக்கத்தில் பாடியில், திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயத்துக்கு அணித்தே, லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962இலும் தொடங்கின. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறு சிறு பாகங்களைச் செய்து கொடுப்பதற்காகத் தெருவுக்குத் தெரு லேத்துகளும் ப்ரஸ்களும் கொண்ட பட்டறைகள் தோன்றின. இப்போது அவற்றினிடையே எச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்களின் உயர்ந்த கட்டடங்களும் நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டை தொங்க நடந்து செல்லும் இளம்பெண்களும், நீலச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு நடந்து செல்லும் ஆடவர்களும் ஒரே ஷேர் ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடிபட உட்கார்ந்து போகிறார்கள். ஆனால் ஒரு சாராரின் வேலை என்னவென்று மறு சாராருக்குத் தெரிவதற்கான வழி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் சென்ற பட்டறை ஒரு சந்தின் உள்ளே இருந்தது. நான்கு பவர் ப்ரஸ், இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், பின்புறம் ஒரு சிறிய டூல் ரூம். வண்டிகளுக்கான தகட்டு பிராக்கெட்டுகளை ஜாப் ஒர்க்காக அடித்துக் கொடுக்கிறார்கள். முதல் ப்ரஸ்ஸின் முன் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். வலக்கைப் பக்கம் ஒரு பச்சைப் பொத்தான், இடக்கைப் பக்கம் ஒரு பச்சைப் பொத்தான்; இரண்டையும் ஏககாலத்தில் அழுத்தினால் அன்றி மேலிருக்கும் டை என்னும் அச்சு கீழே இறங்காது. தகட்டை வைத்த கை டைக்குள் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் கைக்கு வெளியே ஒரு வேலையைக் கொடுத்து, அதன் மூலம் அதை ஆபத்திலிருந்து அகற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் உலகத்தில் எல்லாக் காரியமும் ஒரே தொடுகையில் முடிய வேண்டும் என்பது ஏறத்தாழ ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. இங்கே, ஒரே தொடுகையில் முடியக்கூடிய காரியத்தை வேண்டுமென்றே இரண்டு தொடுகைகளாக்கியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது தொடுகையில்தான் மனுஷ்யத்தன்மை முழுவதும் இருக்கிறது. பணம் அனுப்பும் செயலிகள் இரகசிய எண்ணைக் கேட்டு நம்மை ஒரு கணம் நிறுத்துவதையும் நான் இந்தக் குலத்தைச் சேர்ந்ததாகவே கருதுகிறேன்.

டூல் ரூமில் இருந்த பெரியவர் தலை நரைத்தவர். பாடியில் ஒரு பெரிய ஆலையில் அப்ரண்டிஸாகத் தொடங்கி, ஓய்வு பெற்ற பின் இங்கே வந்து ஜிக், ஃபிக்ஸ்சர் செய்து தருகிறார். துளை போடுவதற்கு முன் பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஃபிக்ஸ்சரைக் கையில் எடுத்து, அதன் மூலையில் நின்ற சிறு ஊசியைக் காட்டினார்.

“இத பாருங்க தம்பி. பீஸைத் திருப்பி வெச்சா இந்தப் பின்னுல இடிக்கும், உக்காராது. புதுசா வந்த பொண்ணு கூட முதல் நாளே தப்பில்லாம அடிக்கும்.”

“இந்தப் பின் எந்த இடத்துல வரணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க, ஐயா?”

“ரெண்டு நாள் பக்கத்துல நின்னு பார்ப்பேன். எந்தக் கை முதல்ல போகுது, எங்க தடுமாறுதுன்னு பார்த்தாத்தான் தெரியும். டிராயிங்ல அது இருக்காது.”

இந்த ஊசியைப் போன்ற ஏற்பாட்டுக்கு ஜப்பானில் போகாயோகே என்று பெயர். டொயோட்டா ஆலைகளுக்கு ஆலோசகராக இருந்த ஷிகேயோ ஷிங்கோ 1960களில் அதை ஒரு சாஸ்திரமாகவே வகுத்தார். பாடிக்கும் அந்தச் சாஸ்திரம் வந்து சேர்ந்தது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. அதன்பின் அதே குழுமத்தைச் சேர்ந்த வேறு ஆலைகளும் அதைப் பெற்றன. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, எந்தப் பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதிப் முந்தைய கட்டத்துப் பிரிவுக்கு அனுப்பும் கான்பான் என்னும் முறையை ஸ்தாபித்தார். இன்று எந்த ஸ்டார்ட்டப்பின் அலுவலகத்தில் நுழைந்தாலும், செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, செய்து முடித்தவை என்று பத்தி பிரித்து அட்டைகளை நகர்த்தும் ஒரு பலகையைத் திரையிலாவது சுவரிலாவது காணலாம். அதை நகர்த்தும் இளைஞர்களில் எத்தனை பேர் அது ஒரு வாகன ஆலையின் தளத்திலிருந்து வந்தது என்று அறிவார்கள்? அறிந்திருந்தால், அம்பத்தூர்ப் பட்டறைக்காரர்களைத் தங்கள் செயலியின் வாடிக்கையாளர்கள் என்று மாத்திரம் நினையாமல், தொழிலில் தமக்கு மூத்தவர்கள் என்றும் நினைப்பார்கள்.

எங்கள் செயலியின் மாதிரியைப் பெரியவரிடமும் ப்ரஸ்ஸில் இருந்த பெண்மணியிடமும் காட்டினேன். அடித்த பீஸ்களின் எண்ணிக்கையை மணிக்கொரு தரம் விசைப்பலகையில் தட்டிப் பதிய வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. பெண்மணி தம் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனிகள் எண்ணெயில் பளபளத்தன. துணியில் துடைத்தபின் தொட்டபோதும் திரை அவர் விரலைச் சரிவர ஏற்கவில்லை. அவர் எதிரே சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. நூறு பீஸ் ஆனதும் சாக்கட்டியால் ஒரு கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பது. அதற்கு இடக்கை போதும். கண்ணையும் அதிக நேரம் ப்ரஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டாம். தூரத்தில் நிற்கும் சூப்பர்வைசருக்கும் தெரியும். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவருக்கும் தெரியும். அந்தக் கரும்பலகையை எங்கள் திரை வெல்ல வேண்டுமானால், அது செய்யும் இத்தனை காரியங்களையும் செய்துவிட்டு, அதற்கு மேலும் ஒன்றைச் செய்ய வேண்டும். நெடுநேரம் யோசித்த பின், கரும்பலகையை அப்படியே விட்டுவிட்டு, ஷிஃப்ட் முடிவில் அதைப் படம் பிடித்தால் கோடுகளை எண்ணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும்படி செயலியை மாற்றுவது என்று அங்கேயே தீர்மானித்தோம். அந்த யோசனையைச் சொன்னவர் பெரியவர். நான் அதை எழுதிக்கொண்டேன்.

மாலை ஷிஃப்ட் முடிந்தபோது சந்தின் முனையில் இருந்த டீக்கடையில் பெருங்கூட்டம். கடைக்காரர் இரு கைகளாலும் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்; ஒரு கண் பாலின் மேல், மறு கண் வாடிக்கையாளர் மேல். க்யூஆர் சதுரம் அட்டையில் ஒட்டிக் கண்ணாடி பாட்டில்களில் சாய்ந்து நின்றது. யாரோ பணம் அனுப்ப, பக்கத்தில் இருந்த சிறு பெட்டி “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது” என்று உரக்கத் தமிழில் அறிவித்தது. கடைக்காரர் தலையை அசைத்தார்; அவ்வளவுதான். 2016இல் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் யூபிஐயைத் தொடங்கிய நாளில் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்திதான் பணம் வந்ததற்குச் சாட்சி. ஈரக்கையோடு நிற்கும் டீக்கடைக்காரரும் மீன்காரியும் அந்தச் சாட்சியை எங்ஙனம் படிப்பார்கள் என்பதை யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். திரையே இல்லாத அந்தப் பெட்டியை, நம் நாட்டின் டிஜிட்டல் பொருள் வடிவமைப்பில் நான் கண்ட மிகச் சிறந்த காரியங்களுள் ஒன்றாகவே மதிக்கிறேன்.

அந்தச் சதுரத்தின் பிறப்பும் இந்த இடத்துக்குப் பொருத்தமானதே. க்யூஆர் குறியை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் சகாக்களும் உருவாக்கினார்கள். வாகன உதிரிப்பாகங்களின் பெட்டிகளை அடையாளம் காண்பதற்காக. கோடுகளாலான பழைய குறியில் அடங்கும் தகவல் போதாமல், ஒரே பெட்டியில் பல குறிகளை ஒட்டி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்த தொழிலாளர்களின் அலுப்பே அதற்குத் தூண்டுகோல். எண்ணெய்க் கறை படிந்தாலும், ஒரு பகுதி கிழிந்தாலும் படிக்கக் கூடியதாக அதை வகுத்தார்கள். பேடன்ட் உரிமையை வைத்துக்கொண்டே, உபயோகிப்பவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பிறந்த ஒரு குறி, உலகமெல்லாம் சுற்றி, உதிரிப்பாகப் பேட்டையின் டீக்கடையில் பதினைந்து ரூபாய்க்குச் சாட்சி சொல்கிறது.

டீக்கடையில் என்னருகே நின்ற இருவர் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு ஸ்டார்ட்டப்பில் வேலை செய்பவர்கள். ஒருவர் திருநின்றவூர், மற்றவர் வேலூர்ப் பக்கம். இரவு பத்து மணிக்கு ஒரு கூட்டம் இருப்பதால் கடைசி ரயிலைப் பற்றிய கவலையில் இருந்தார்கள். பட்டறைத் தொழிலாளிக்கு, ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கும் ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அது ஒழுங்காக அனுஷ்டிக்கப்பட்டதா என்பது வேறு விஷயம், கேட்பதற்கு ஒரு கணக்காவது இருந்தது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் ஒரு திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. அந்த இரு இளைஞர்களுக்கும் அப்படிப்பட்ட கணக்கு கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு, அது முடிந்ததும் அடுத்த இரண்டு வாரம் என்று அவர்களுடைய நாட்கள் ஓடுகின்றன. சங்கு ஊதி முடியும் ஷிஃப்ட் எது, வீட்டுக்குள் எடுத்துச் செல்லும் வேலை எது என்ற பேதம் மறைந்துவிட்டது. பிறருடைய சௌகரியத்தை இராப்பகலாகச் சிந்திக்கும் ஒரு தொழில், அந்தச் சிந்தனையைச் செய்பவரின் உறக்கத்தைச் சிந்தியாமல் இருப்பது நியாயமன்று. அயர்ந்த கண்களால் வகுக்கப்பட்ட திரையில் அயர்ச்சி தங்கிவிடும் என்றும் நான் நம்புகிறேன்.

மறுநாள் மீண்டும் அதே பாதை. திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குச் சென்றேன். தொண்டைமான் என்னும் மன்னனின் யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொள்ள, அவன் வாளால் கொடியை வெட்டியபோது உள்ளே மறைந்திருந்த லிங்கத்தின் மேல் வாள் பட்டு உதிரம் பெருகியது என்பது தலவரலாறு. நந்தி இறைவனைப் பாராமல் வெளியே நோக்கி இருப்பதும், எருக்கந்தூண்கள் இரண்டு சந்நிதியில் நிற்பதும் இங்கே விசேஷம். மத்தியானத்துக்குள் ஆவடி வந்து சேர்ந்தேன்.

ஆவடியின் பெயர் தேசத்தின் சரித்திரத்தில் 1955 ஜனவரியில் பதிந்தது. யு.என். தேபர் தலைமையில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்ட திடலில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச மாதிரியான சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது இங்கேதான். ஆறு வருஷங்களில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. போர்க்கருவிகளைப் பற்றி எனக்கு உற்சாகம் கிடையாது. ஆயினும் என் தொழில் ஒரு விதத்தில் போர்க்களத்திலிருந்தே பிறந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் பி-17 விமானங்கள், தரையிறங்கியபின் சக்கரங்களை உள்ளிழுத்துக்கொண்டு வயிற்றால் சறுக்கிய விபத்துகள் பல நேர்ந்தன. விமானிகளின் அஜாக்கிரதை என்று பழி சுமத்தப்பட்டது. அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர் விமானிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்து, சக்கரத்தின் பிடியும் இறக்கை மடலின் பிடியும் ஒரே வடிவில் அருகருகே இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்றின் நுனியில் சிறு ரப்பர் சக்கரத்தையும் மற்றொன்றின் நுனியில் ஆப்பு வடிவையும் பொருத்தியதும் விபத்துகள் நின்றன. இருட்டிலும் விரல் அறியும்படி செய்த அந்தக் காரியத்தை, பூந்தமல்லி போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆவடிக்கு மேற்கே பட்டாபிராமில், 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க்கின் இருபத்தொரு மாடிகள் நெடுந்தூரத்துக்குத் தெரிகின்றன. தரமணியில் தொடங்கிய அலை இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இங்கே வந்திருக்கிறது. ஆவடியிலேயே வேல் டெக் பல்கலைக்கழகத்தில் புதுத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் ஆலோசனையும் தரும் தொழில்முனைவு மையம் ஒன்று உண்டு. அரக்கோணத்திலும் திருவள்ளூரிலும் இருந்து விடியலில் ரயில் ஏறித் தரமணி வரை போய்த் திரும்புவதில் வாழ்நாளின் ஒரு பகுதியைச் செலவிடும் பிள்ளைகளுக்கு இந்த மாடிகள் பெரும் ஆறுதலாக அமையும்; அவை நிரம்ப வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி செல்லும் பேருந்து பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிச் சென்று, கூவம் ஆற்றைக் கடந்து, கரையான்சாவடி வழியாக ஊரை அடைகிறது. மெட்ரோ ரயிலுக்கான தூண்கள் டிரங்க் ரோட்டின் நடுவே வரிசையாக நிற்கின்றன. இராமாநுஜருக்கு ஆசிரியராக விளங்கிய திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் இது. இங்கிருந்து பூக்கொண்டு காஞ்சிக்குச் சென்று, வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்தவர் அவர். பெருமாள் அவருடன் பேசுவார் என்பது வைஷ்ணவர்களின் நம்பிக்கை. இதே ஊரில்தான் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. வெள்ளைக் கோலோடு இருவர் மூவராகத் தோள் பற்றி நடந்து செல்லும் மாணவர்களைப் பூந்தமல்லியின் கடைக்காரர்கள் அனைவரும் அறிவார்கள். அவர்கள் வருவது கண்டு நடைபாதையில் கிடக்கும் மோட்டார் சைக்கிளை நகர்த்தி வைப்பதையும் கண்டேன்.

பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞரோடு பழக்கம் ஏற்பட்டது. பி.ஏ. முடித்து, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். 1951இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெயிலில் சிறு வயதில் பயின்று, பின்னர் கணினிக்கு வந்தவர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இரு பார்வையற்ற இளைஞர்கள் 2006 முதல் உருவாக்கிய, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பானைத்தான் அவர் கணினியில் உபயோகிக்கிறார். ரூபாய் நோட்டை அறிவதற்கு ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட மணி என்னும் செயலியும் அவர் செல்பேசியில் இருந்தது; அதற்கு இணையம் தேவையில்லை என்பதைச் சிலாகித்துச் சொன்னார்.

“உங்க வேலை என்ன, சார்?” என்று கேட்டார். சொன்னேன். “அப்ப இதைக் கேளுங்க” என்று செல்பேசியை என் காதருகே நீட்டி, பொருள் வாங்கும் ஒரு செயலியைத் திறந்து விரலை மெல்ல நகர்த்தினார். “பெயரிடப்படாத பொத்தான்” என்றது செல்பேசியின் குரல். மீண்டும் நகர்த்தினார். “பெயரிடப்படாத பொத்தான்.” அடுத்ததும் அதுவே. “இதுல ஒண்ணு கூடையில போடறது, ஒண்ணு வேணாங்கறது, ஒண்ணு பணம் கட்டறது. எது எதுன்னு எங்க ஹாஸ்டல்ல ஒரு அண்ணன் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாரு. மேலேர்ந்து நாலாவது, கீழேர்ந்து ரெண்டாவதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தோம் சார். போன வாரம் அப்டேட் வந்துச்சு, எல்லாம் மாறிடுச்சு.”

ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதுவது நிரலில் ஒரே ஒரு வரி. அந்த வரி இல்லாததனால் கண்ணுள்ளவர் எவருக்கும் எந்தக் குறையும் தெரியாது. படமோ அம்புக்குறியோ அவருக்குப் போதும். இதையொத்த ஒரு குறையைப் பற்றி 2025 ஏப்ரல் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்று உண்டு. அமிலத் தாக்குதலால் முகமும் கண்களும் சிதைந்தவர்கள், வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்டும்போது செல்பேசி முன் கண் சிமிட்டுமாறு கேட்கப்பட்டார்கள். சிமிட்ட இயலாத அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் ஷரத்து தரும் வாழ்வுரிமையின் அங்கமே என்று நீதிமன்றம் கூறி, அந்த நடைமுறைகளை மாற்றும்படி உத்தரவிட்டது. உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி கண் சிமிட்டுவது என்று ஓர் அறையில் முடிவு செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அந்த அறையில் கண் சிமிட்ட இயலாத ஒருவர் இல்லை. பேட்டைப் பெரியவர் அங்கே இருந்திருந்தால் இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

நாங்கள் செய்துவரும் பட்டறைச் செயலியைப் பற்றி இளைஞரிடம் விவரித்தேன். கரும்பலகையைப் படம் பிடிக்கும் யோசனை அவருக்குப் பிடித்திருந்தது; ஆனால் படம் சரியாக விழுந்ததா, கோணலாகிவிட்டதா என்பதைக் குரலில் சொல்ல வேண்டும் என்றார். கண்ணுள்ள சூப்பர்வைசருக்கும் ப்ரஸ்களின் இரைச்சலில் அது அதிர்வாகத் தெரிந்தால் நல்லது என்பது அவர் அடுத்துச் சொன்னது. எங்கள் கூட்டங்களில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. வருகிற மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, அவரும் அவருடைய தோழர்கள் இருவரும் செயலியைச் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார், எந்தத் தேதி, எந்த நேரம், பூந்தமல்லியிலிருந்து எந்தப் பேருந்து என்று விவரமாகக் கேட்டுக் குரல் குறிப்பாகப் பதிந்துகொண்டார். பிறகு சற்றும் தயங்காமல், “மணிக்கு எவ்வளவு தருவீங்க, சார்?” என்றார். எங்கள் அலுவலகத்தில் ஒரு டெஸ்டருக்குக் கொடுக்கும் கூலியைச் சொன்னேன். மூவருக்கும் தனித்தனியாக, போக்குவரத்துச் செலவும் சேர்த்துத் தர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன், அவருடைய பேருந்து வருவதற்குள் அதைக் கடிதமாகவும் அவருக்கு அனுப்பி வைத்தேன்.